விரிசலை மறைக்காதீங்க... பட்டாம்பூச்சி வைங்க! - ஜார்ஜ் நாகஷிமாவின் கதை

சோழவந்தான்ல உங்களுக்கு ஒரு பாட்டி வீடு இருக்குன்னு வெச்சுக்கோங்க. திண்ணை, முற்றம், எண்ணெய் ஏறிக் கறுத்த மரத்தூண். முற்றத்து ஓரமா ஒரு பழைய வேப்பம் பலகை பெஞ்ச். கொடிக்கால்ல இருந்து வந்த வெற்றிலையைப் பாட்டி கவுளி கவுளியா அடுக்கினது அதுலதான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின அதே சோழவந்தான் வெற்றிலைதான்.

இப்போ வீட்டை மராமத்து பண்றாங்க. பெஞ்சுக்கு நடுவுல நீளமா ஒரு விரிசல். ஒரு காலும் ஆடுது. வேலைக்கு வந்தவர் ஒரே வார்த்தையில முடிச்சுட்டார்: விறகுக்குப் போட்டுட்டு, பிளைவுட்ல மைக்கா ஒட்டிப் புதுசா ஒண்ணு செஞ்சுக்கலாம். வீட்ல எல்லாரும் தலையாட்டிட்டாங்க. உங்க கையில ஒரு வாரம்தான் இருக்கு.

அந்தப் பலகையை விறகுக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் கொடுங்க. இதே மாதிரி விரிசல் விட்ட பலகைகளை வெச்சே உலகப் புகழ் வாங்கின ஒருத்தரோட கதை இது. பேர் ஜார்ஜ் நாகஷிமா. பிறந்தது அமெரிக்கா, பூர்வீகம் ஜப்பான். ஆனா அவர் தன் கையால முதன்முதலா மரச்சாமான் செஞ்ச ஊர் நம்ம பாண்டிச்சேரி!

காடு சுற்றிய பையன்

1905 மே 24. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் ஸ்போகேன் நகரத்தில் நாகஷிமா பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள். சின்ன வயசுல அவருக்குப் பிடிச்ச இடம் காடு. சாரணர் படையில் சேர்ந்து மலை மலையாக ஏறினார். பெரிய பெரிய மரங்களுக்குக் கீழே படுத்துத் தூங்கினார்.

கல்லூரியிலும் முதலில் எடுத்தது வனவியல். பிறகு கட்டடக்கலைக்கு மாறினார். புகழ்பெற்ற எம்.ஐ.டி-யில் மேற்படிப்பையும் முடித்தார். கையில் பட்டம். அப்படியே செட்டில் ஆகியிருக்கலாம். ஆனால் அவர் செய்தது வேறு. தன் காரை விற்று, உலகத்தைச் சுற்றிவரும் கப்பல் டிக்கெட் ஒன்றை வாங்கினார்!

கொஞ்ச காலம் பாரிஸ். அடுத்து, தன் பெற்றோரின் நாடான ஜப்பான். 1934-ல் டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக்கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஜப்பானின் பழைய மரவீடுகளையும் கோயில்களையும் தேடித் தேடிப் பார்த்தார்.

அந்த ஊரில் ஒரு ரசனை உண்டு. 'வாபி-சாபி' என்பார்கள். எளிமையிலேயே நிறைவு காண்பது வாபி. காலம் ஏற ஏற ஒரு பொருளுக்கு வருகிற அழகு சாபி. 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த தேநீர்க் குரு சென் நோ ரிக்யூ, பளபளக்கும் மாளிகைகளுக்கு மத்தியில் இரண்டே பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு மண்சுவர் அறையில் விருந்தினர்களுக்குத் தேநீர் கொடுத்தார். உடைந்த கிண்ணத்தை அரக்கால் ஒட்டி, ஒட்டின கோட்டுக்குத் தங்கப்பொடி பூசுவதும் அதே வழியில் வந்த பழக்கம்தான். உடைஞ்சதை ஒளிச்சு வைக்கிறதில்ல, எங்கே உடைஞ்சதுன்னு காட்டியே வைக்கிறது.

இதெல்லாம் நமக்கு அந்நியமா என்ன? உங்க பாட்டியோட ஆட்டுக்கல்லை நினைச்சுப் பாருங்க. கைபட்டுக் கைபட்டு வழவழன்னு ஆன அந்தக் குழவியோட மொழுமொழுப்பை எந்தக் கடையில வாங்க முடியும்? பேர்தான் ஜப்பான்காரங்க வெச்சது.

பாண்டிச்சேரியில் ஒரு 'சுந்தரானந்தா'

அப்போது பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் தங்குவதற்கு ஒரு கட்டடம் தேவைப்பட்டது. ஹைதராபாத் நிஜாமிடமிருந்து நன்கொடை வந்தது. அந்த ஊர்க் கோட்டையின் நினைவாகக் கட்டடத்துக்கு 'கோல்கொண்ட்' என்று பெயர். வடிவமைக்கும் வேலை ரேமண்டுக்குக் கிடைக்க, பாண்டிச்சேரியிலேயே தங்கி வேலையைப் பார்க்க வேண்டியவர்களில் ஒருவராக நாகஷிமா வந்து சேர்ந்தார்.

இந்தியாவின் ஆரம்பகால நவீன கான்கிரீட் கட்டடங்களில் கோல்கொண்டுக்குத் தனி இடம் உண்டு. ஆனால் இதைக் கட்டியது பெரிய கான்ட்ராக்ட் கம்பெனி அல்ல. கட்டட வேலைக்குப் பழக்கமே இல்லாத ஆசிரமவாசிகள் பலர் கூடி உழைத்தார்கள். கண்ணாடி ஜன்னலே கிடையாது. சுவருக்குப் பதில், வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்றபடி திருப்பிக்கொள்ளும் கிடைமட்டப் பலகைகள். உள்ளே தேக்கில் செய்த நகரும் கதவுகள். தரைக்குக் கடப்பைக் கல். சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்பின் வெண்மை. கதவுக் கைப்பிடிகளுக்கும் கீல்களுக்கும் பித்தளை வேண்டுமே? பக்தர்கள் கொடுத்த பழைய பாத்திரங்களை உருக்கி வார்த்துக்கொண்டார்கள். யார் வீட்டுச் சொம்போ, யார் வீட்டு அண்டாவோ... இன்னிக்கும் அந்தக் கதவுகள்ல இருக்கு.

நாகஷிமா வேலைக்கு வந்த ஆளாகத் தொடரவில்லை. சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆசிரமத்தில் ஒருவராகிவிட்டார். அரவிந்தர் அவருக்கு வைத்த பெயர் சுந்தரானந்தா. அழகில் ஆனந்தம் காண்பவர் என்று அர்த்தம். காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்த கட்டடக்கலைஞர், உளியையும் மரத்தையும் எடுத்து முதல் மரச்சாமான்களைச் செய்தது இங்கேதான்.

1939-ல் உலகப்போர் மேகம் சூழ்ந்த நேரத்தில் அவர் பாண்டிச்சேரியை விட்டுக் கிளம்பினார். ஜப்பானில் மரியன் ஒகஜிமாவைச் சந்தித்தார். அவரும் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிப் பெண். 1941-ல் அமெரிக்காவில் கல்யாணம். சியாட்டில் நகரத்தில் சின்னதாக ஒரு மரப்பட்டறை. 1942 தொடக்கத்தில் மகள் மீரா பிறந்தாள். பெயரைக் கவனிச்சீங்களா? இந்தியா அந்த வீட்டுக்குள்ள இருந்துட்டேதான் இருந்துச்சு.

முள்வேலிக்குள் ஒரு குரு

மீரா கைக்குழந்தையாக இருக்கும்போதே அந்த வீடு உடைந்தது.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு, கடை, நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள். விசாரணை கிடையாது, குற்றச்சாட்டு கிடையாது. முகம்தான் குற்றம். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நாகஷிமா குடும்பம் போய்ச் சேர்ந்தது ஐடஹோ பாலைவனத்தில் இருந்த மினிடோகா முகாம். அவசரத்தில் அடித்த மரக்கொட்டகைகள். தார்க் காகிதம் ஒட்டிய சுவர்கள். இடுக்கு வழியாக உள்ளே வரும் புழுதி. எம்.ஐ.டி-யில் படித்த, நாலு நாடு பார்த்த மனிதருக்கு 37 வயதில் கிடைத்த முகவரி அது.

அங்கே அவருக்கு ஒரு குரு கிடைத்தார். கென்டாரோ ஹிகோகாவா, ஜப்பானிய மரபில் பயின்ற தச்சர். நம்ம ஊர்ல சொன்னா, பரம்பரை வேலை தெரிஞ்ச ஆசாரி. ரம்பத்தைத் தன் பக்கம் இழுத்து அறுப்பது, உளியைத் தீட்டுவது, ஆணி இல்லாமல் மரத்தோடு மரத்தைப் பூட்டுவது... எல்லாவற்றையும் அவர் கற்றுக்கொடுத்தார். பட்டம் வாங்கின கட்டடக்கலைஞர் அவருக்கு எடுபிடியாக நின்று கற்றுக்கொண்டார். நல்ல மரம் ஏது? கட்டுமானத்தில் மிச்சமான துண்டுகளும், பாலைவனத்தில் முறுக்கிக்கொண்டு வளர்ந்த புதர்க் கட்டைகளும்தான். வளைந்ததை வளைந்தபடியே வைத்து அழகாக்கினார்கள். வேற வழியும் இல்ல.

கசப்பு இல்லாமல் இல்லை. அந்த முடிவு முட்டாள்தனமானது, இனவெறியில் பிறந்தது, அதனால் காயப்பட்டது தன் நாடுதான் என்று பின்னாளில் தன் புத்தகத்தில் வெளிப்படையாகவே எழுதினார். அதே முகாமில் கிடைத்த குருவுக்கான நன்றியையும் மறைக்கவில்லை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சார்.

கழித்துப்போட்ட மரம்

1943-ல் பழைய முதலாளி ரேமண்ட் பொறுப்பேற்றுக்கொள்ள, முகாமிலிருந்து விடுதலை. பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ ஹோப் ஊரில் ரேமண்டுக்கு ஒரு பண்ணை இருந்தது. அங்கே நாகஷிமாவுக்குக் கிடைத்த வேலை கோழி வளர்ப்பு! பிறகு அதே பகுதியில், தச்சு வேலைக்கு ஈடாகக் கொஞ்சம் நிலம் கிடைத்தது. கூடாரம் போட்டுக் குடும்பத்தோடு தங்கிக்கொண்டு, பட்டறையையும் வீட்டையும் தன் கையாலேயே கட்டினார்.

நல்ல மரம் வாங்கக் காசு கிடையாது. மரக்கடைகள் கழித்துப்போட்ட பலகைகளை வாங்கினார். கணு விழுந்தது, ஓட்டை இருந்தது, விரிசல் விட்டது. கடைக்காரருக்கு அது கழிவு. இவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கணு என்பது கிளை முளைத்த இடம். விரிசல் என்பது மரம் காய்ந்து இறுகிய தடம். அந்த மரம் வாழ்ந்த வாழ்க்கை முழுக்க அந்தப் பலகையில்தானே இருக்கிறது? அதை ஏன் அறுத்துத் தள்ளணும்?

அங்கிருந்து பிறந்ததுதான் அவருடைய பாணி. பலகையின் ஓரத்தை நேராக வெட்ட மாட்டார். மரம் எப்படி வளைந்து வளர்ந்ததோ அதே வளைவு மேசையின் விளிம்பாக நிற்கும். இன்ஸ்டாவுல 'லைவ் எட்ஜ்'னு தேடினா வந்து கொட்டுதே, அந்த மாதிரி மேசைகளுக்கு மதிப்பு தேடிக்கொடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

விரிசலுக்கு என்ன செய்தார்? மக்கு வைத்து அடைக்கவில்லை. பட்டாம்பூச்சி இறக்கையை விரித்த மாதிரி, நடுவில் குறுகி இரண்டு பக்கமும் அகன்ற ஒரு துண்டைக் கடினமான மரத்தில் செதுக்கினார். விரிசலுக்குக் குறுக்கே அதே வடிவத்தில் பள்ளம் தோண்டி, அந்தத் துண்டைப் பதித்தார். ஒரு இறக்கை இந்தப் பக்கத்தைப் பிடிக்கும், இன்னொன்று அந்தப் பக்கத்தை. விரிசல் அதற்கு மேல் ஓடாது. ஆனால் விரிசல் அங்கேயே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே இருக்கும். இந்த வகைப் பூட்டு ரொம்பப் பழையது. ஒளிந்து வேலை செய்துகொண்டிருந்ததை மேசையின் நட்டநடுவுக்குக் கொண்டுவந்து, தன் அடையாளமாகவே மாற்றியவர் அவர்.

இன்னொரு விஷயம் பொறுமை. ஒரு மரத்தை அறுத்தால் அதன் பலகைகளை வரிசை மாறாமல் அடுக்கி, இடையில் சட்டம் கொடுத்துக் காயப்போடுவார். எந்தப் பலகை எதுவாக ஆகணும் என்று தோன்றும்வரை அது காத்திருக்கும். சில பலகைகள் பல வருஷம் காத்திருந்தன. இன்னிக்கு ஆர்டர் போட்டு நாளைக்கு டெலிவரி கேட்கிற நமக்கு இது கொஞ்சம் ஓவராத் தெரியலாம். ஆனா நம்ம ஆசாரிகளும் வெட்டின மரத்தை உடனே தொட மாட்டாங்கதானே?

கெவின் போட்ட கீறல்

மெதுவாகப் புகழ் வந்தது. பெரிய கம்பெனிகளுக்கு நாற்காலி வடிவமைத்தார். 1964-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, அங்கே செய்வதற்கென்றே மரச்சாமான்களை வடிவமைத்துக் கொடுத்தார். 1973-ல் அமெரிக்காவின் பெரும் பணக்காரக் குடும்பத்தைச் சேர்ந்த நெல்சன் ராக்ஃபெல்லர், தன் வீட்டுக்கு 200-க்கும் மேற்பட்ட பொருள்களைச் செய்யச் சொன்னார்.

யாருக்காகச் செய்கிறாரோ அவர் பெயரைப் பலகையின் அடியில் மையால் எழுதிவைப்பது நாகஷிமாவின் பழக்கம். நம்ம வீட்டு எவர்சில்வர் பாத்திரங்கள்ல தாத்தா பேரையும் வருஷத்தையும் வெட்டி வெச்சிருப்பாங்களே, அதே மாதிரி!

மேலே கண்ணாடி மாதிரி வார்னிஷ் பூசி, தொடவே பயப்படுகிற மாதிரி வைப்பதும் அவருக்குப் பிடிக்காது. எண்ணெய் தேய்த்து விடுவார். மேசை என்றால் அதில் குழந்தை எழுதணும், தட்டு வைக்கணும், கீறல் விழணும். அவருக்கு கெவின் என்று ஒரு மகன். சின்ன வயசில் பையன் ஓடி ஆடி, வீட்டுச் சாமான்கள் எல்லாவற்றிலும் கீறலும் தழும்புமாகப் போட்டுவைத்தான். அப்பா திட்டவில்லை. புழங்கிப் புழங்கி ஒரு பொருள் அடையும் தழும்புகளுக்கு மகன் பெயரிலேயே ஒரு வார்த்தை செய்துகொண்டார். தமிழில் சொன்னால் 'கெவினாக்கம்'!

சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறையைக் கழட்டாம வெச்சிருக்கிற வீடுகள் நமக்குத் தெரியும். ஆனா இங்க பாருங்க, கீறலையும் வீட்டுக் கணக்குல வரவு வெச்ச ஒரு மனுஷன்.

46 வருஷம் கழிச்சு...

1984-ல் ராட்சத வால்நட் மரம் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதைப் பார்த்ததும் ஒரு கனவு. ஒவ்வொரு கண்டத்திலும் ஒரு அமைதிப் பீடம் வைக்கணும், எந்த மதத்தவரும் எந்த நாட்டவரும் அதைச் சுற்றி உட்காரணும். முதல் பீடம் 1986-ன் கடைசி நாளில் நியூயார்க்கின் பெரிய தேவாலயம் ஒன்றில் வைக்கப்பட்டது. அருகருகே வைத்த இரண்டு பிரமாண்டப் பலகைகள், நடுவில் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பட்டாம்பூச்சிகள்.

1988-ல் அமெரிக்க அரசு, அன்று முகாம்களில் அடைத்துவைத்த மக்களிடம் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது. உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு. அந்த நாட்டுக்குத் தன் விரிசலைப் பார்த்து ஒப்புக்கொள்ள 46 வருஷம் ஆனது. நாகஷிமா அந்தச் செய்தியைக் கேட்க உயிரோடு இருந்தார். அப்போது அவருக்கு 83 வயது.

1990 ஜூன் 15 அன்று அவர் காலமானார். முகாமுக்குக் கைக்குழந்தையாகப் போன மீரா, கட்டடக்கலை படித்து, அப்பாவோடு வேலை செய்து, அவருக்குப் பிறகு பட்டறையை ஏற்று நடத்தினார். நியூ ஹோப்பில் நாகஷிமா கட்டிய வீடும் பட்டறைகளும் 2014-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆயின.

ஆசியாவுக்கான அமைதிப் பீடம் எங்கே இருக்கு தெரியுமா? 1996-ல் வந்து சேர்ந்தது, ஆரோவில்லுக்கு. அவர் முதன்முதலில் மரத்தைத் தொட்ட ஊருக்குப் பக்கத்திலேயே!

இப்போ உங்க பலகைக்கு வருவோம்

நாகஷிமா மேசை வாங்குற விலைக்கு சோழவந்தான்ல ஒரு வீடே வாங்கலாம்னு நீங்க சிரிக்கலாம். பரவாயில்ல. அவரோட மேசை நமக்கு வேணாம், பார்வை போதும். அந்த பெஞ்சுக்கு என்ன செய்யலாம்னு பாருங்க.

முதல்ல, எந்த விரிசல் அழகு, எது ஆபத்துன்னு பிரிங்க. உத்தரத்துலயோ, கூரையைத் தாங்குற தூண்லயோ, சுவர்லயோ விரிசல்னா அங்கே ரசனைக்கு வேலையே இல்ல, பொறியாளரைக் கூப்பிடுங்க. பலகையைத் தட்டிப் பாருங்க. பொதபொதன்னு சத்தம் வந்தாலோ, மாவு மாதிரி கொட்டினாலோ உளுத்துப்போச்சு, கரையான் இருக்கான்னும் பாருங்க. கணீர்னு சத்தம் வந்தா வைரம் பாய்ஞ்ச கட்டை, விடாதீங்க.

ரெண்டாவது, பழைய பெயின்ட் இருந்தா அவசரப்பட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. பழைய எனாமல் பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், அந்தத் தூசு குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல். ஈரப்படுத்தி, முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே வெச்சு எடுக்கச் சொல்லுங்க.

மூணாவது, ஊர்ல வயசான ஆசாரி ஒருத்தரைத் தேடுங்க. பட்டாம்பூச்சி படத்தை போன்ல காட்டுங்க. விரிசல் எங்கே முடியுதோ அங்கே ஒண்ணு, நடுவுல ஒண்ணு. பலகையைவிடக் கெட்டியான மரத்துல. ஆடுற காலைக் கழட்டித் திரும்பப் பூட்டச் சொல்லுங்க. பக்கத்துல உட்கார்ந்து பாருங்க, எடுபிடி வேலை செய்யுங்க. நாகஷிமாவே அப்படித்தான் கத்துக்கிட்டார்.

கடைசியா, வார்னிஷுக்குப் பதிலா ஆளிவிதை எண்ணெய் மாதிரி காயக்கூடிய எண்ணெயை மெல்லிசா தேய்ச்சு, நல்லா துடைங்க. துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க, அது தானாவே சூடாகித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயவெச்சுட்டுத் தூக்கிப் போடுங்க.

அப்புறம் பெஞ்சைத் திருப்புங்க. அடியில பாட்டி பேரை மையால எழுதுங்க. முடிஞ்சா வருஷத்தையும்.

திருப்பி நிமிர்த்தினா, மேல அந்த விரிசல் இருக்கும். பக்கத்துல ரெண்டு பட்டாம்பூச்சி உட்கார்ந்திருக்கும். யாராவது வந்து இதென்ன இப்படி இருக்குன்னு கேட்பாங்க. கேட்கட்டும். உட்காரச் சொல்லி, வெற்றிலை கொடுத்து, பாட்டி கதையிலிருந்து ஆரம்பிங்க.